டைப்பிங் கடையில் சேர்த்த நாலு வரி

10 ஜூன், திங்கள்

இந்த டைரியை லாரி உதிரிபாகக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் காலண்டர், எனக்கு மட்டும் டைரி. ஆறு மாதமாக இதில் எழுதத் தகுதியுள்ள விஷயம் எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கு நடந்தது. என் அக்கா மகன் பூபதிக்குக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது.

படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் நாச்சிமுத்து. எட்டாவதில் பாதி வரை படித்தேன். மீதிப் பாதியைக் கரூர் லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் படித்தேன். ஆறு மாநிலத்துக்குச் சரக்குச் சீட்டு எழுதிய கை இது. நாக்பூர் பக்கம் ஒரு செக்போஸ்ட் அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சரக்கையே பார்க்காமல் லாரியை விட்டுவிட்டார்.

சம்மனில் இருப்பது இதுதான். பூபதியின் சம்சாரம் ஜீவிதா விவாகரத்து கேட்டிருக்கிறாள். நவம்பரிலேயே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வேலாயுதம்பாளையத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பா பெயர் தன்ஷிகா. அடுத்த மாதம் ஆறு முடிகிறது. முதலில் பூபதி எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவான். பிப்ரவரிக்குப் பிறகு அதுவும் இல்லை. கதவு திறக்கவில்லை.

பூபதி பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பெயிண்டர். பேச்சு குறைவு. சம்மனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் சொன்னான்: "அவ என்ன கேட்டாலும் எழுதிக் குடுத்தர்றேன் மாமா. பாப்பாவப் பாக்கோணும். அது ஒண்ணுதான்."

வக்கீல் வைக்கிற வசதி அவனுக்கு இல்லை. கவலைப்படாதே மாப்ள, நான் இருக்கிறேன் என்றேன். அவன் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. பசியாக இருந்திருக்கும்.

12 ஜூன், புதன்

என் சம்சாரம் வசந்தாமணிக்குப் பல்வலி. கோர்ட்டுக்குப் போட வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசிக் காயவைத்தேன். சம்மன் உங்களுக்கு இல்லையே என்றாள். பல்வலியில் இருக்கிறவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

18 ஜூன், செவ்வாய்

குடும்ப நீதிமன்றத்தில் இன்று என் முதல் நாள்.

டவாலி பெயர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனோம். ஜட்ஜ் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர். பூபதியைப் பார்த்து வக்கீல் இருக்கிறாரா என்றார். இல்லை என்று தலையாட்டினான். நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார். இவனுடைய சட்ட ஆலோசகர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் தெரிந்த பார்வை. பிறகு, ஆலோசகர் வெளியே இருக்கட்டும் என்று மரியாதையாகச் சொன்னார்.

பூபதி வந்து விவரம் சொன்னான். இந்தக் கோர்ட்டில் வக்கீல் கட்டாயம் இல்லையாம். சம்பந்தப்பட்டவர்களே நின்று பேசலாம். மனு எழுத உதவி வேண்டுமானால் அதே கட்டடத்தில், படிக்குக் கீழே, இலவச சட்ட உதவி மையம் இருக்கிறதாம். அது பெண்களுக்கு மட்டும்தான் என்று முப்பது வருஷமாகப் பலருக்கு நான் சொல்லி வந்திருக்கிறேன். சட்டத்தை இப்போது மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

அங்கே ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் நாலு ஆண்கள். எல்லாரும் அப்பாக்கள். ஒருவர் சீருடையோடு வந்த பஸ் கண்டக்டர். ஒருவர் மடியில் புதுப் பள்ளிக்கூடப் பை, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்த பிறகுதான் பெஞ்சுக்கு உயிர் வந்தது. நாக்பூர் கதையைச் சொன்னேன்.

மேஜையில் இருந்தவர் பர்வீன் பானு. சட்டத் தன்னார்வலர் என்று கழுத்தில் அட்டை. முப்பத்தைந்து வயதிருக்கும். பூபதி சொன்னதைக் கேட்டுவிட்டு, ஜீவிதா போட்ட வழக்கிலேயே பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனு போடலாம் என்றார். வருமானச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். அந்த வேலையை என்னிடம் விடுங்கள், தாசில்தார் என் சிநேகிதர் என்றேன்.

24 ஜூன், திங்கள்

வருமானச் சான்றிதழ் கிடைத்தது. இ-சேவை மையத்தில் மூன்று தடவை வரிசையில் நின்றேன். தாசில்தார் புதுசாக வந்தவர். என் சிநேகிதர் மாற்றலாகிப் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறதாம்.

பர்வீன் அம்மா எழுத உட்கார்ந்தார். அவர் முறை விசித்திரம். கேள்வி கேட்கிறார், பதிலை அவன் வாயால் சொன்னபடியே எழுதுகிறார், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார். சரியா என்கிறார். சரி என்று சொன்னால்தான் அடுத்த கேள்வி. நம் ஆபீசில் இப்படி எழுதியிருந்தால் ஒரு லாரிகூடக் கிளம்பியிருக்காது.

பூபதியோ தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போவேன், திரும்ப ஒன்பது ஆகும், பாப்பா தூங்கியிருப்பாள் என்றான். மிஸ் பெயர் தெரியாது என்றான். காய்ச்சலுக்கு எந்த டாக்டர் என்றால், ஜீவிதாதான் கூட்டிப்போவாள் என்றான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் வாய் திறந்தது. பாப்பாவை ஷெட்டுக்குக் கூட்டிப்போவானாம். புது பஸ்ஸில் ட்ராவல்ஸ் பெயர் அடிக்கும்போது எழுத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் டேப்பை உரிப்பார்கள். கடைசி டேப்பை உரிக்கிறது பாப்பாவின் வேலையாம். எழுத்து பளிச்சென்று வெளியே வரும்போது அந்த எழுத்தைச் சத்தமாகப் படிப்பாளாம். "ரோ"வும் "கோ"வும் அப்படித்தான் கற்றுக்கொண்டாளாம்.

பர்வீன் அம்மா அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். ஆறு வயதுப் பிள்ளையைப் பெயிண்ட் நெடியில் நிறுத்தினான் என்று எந்த ஜட்ஜிடமாவது போய்ச் சொல்வார்களா? அவன் பதிலைச் சரிசெய்ய மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவை, ஐயா, வெளியே டீ நல்லா இருக்கும் என்றார் பர்வீன் அம்மா. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

25 ஜூன், செவ்வாய்

கோர்ட்டு ஆலோசகர் முன்னால் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். நான் வராந்தாவில்.

நல்ல சேதி. ஜீவிதா முழுசாக மறுக்கவில்லை. அப்பா எங்கே என்று பாப்பா கேட்கிறாளாம். சனிக்கிழமை பார்த்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கிறேன், மனுவைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். பூபதி வெளியே வரும்போது நடையே வேறு. டீக்கடையில் இரண்டு பன் சாப்பிட்டான்.

ஜீவிதாவின் அப்பா ராசியண்ணன் படியில் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்டோபரில் பாப்பாவின் காதுகுத்தில் நான் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன். அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார். தறி ஓட்டுகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

28 ஜூன், வெள்ளி

இன்று செய்த காரியத்தை விவரமாக எழுதுகிறேன். பின்னால் உதவும்.

பர்வீன் அம்மா எழுதிய மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் டைப் அடித்துக் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை தாக்கல் செய்யக் கடைசி நாள். அவர் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் கிராமத்தில் சட்ட முகாமுக்குப் போகிறார். பூபதிக்கு ஷெட்டில் அவசர வேலை. காகிதம் என் கைக்கு வந்தது.

கோர்ட்டுக்கு எதிரில் டைப்பிங் கடை. ஒரு பெண் மின்னல் மாதிரி அடிக்கிறாள். நான் பக்கத்தில் நின்று வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே தூக்கம் வந்தது. தெரியாது, பார்த்ததில்லை, ஒன்பது மணிக்கு வருவேன். இதைப் படிக்கிற ஜட்ஜ் பிள்ளையைக் கொடுப்பாரா, அனுதாபக் கடிதம் கொடுப்பாரா? சரக்குச் சீட்டில் "உடையும் பொருள், பத்திரம்" என்று சிவப்பு மையில் எழுதினால்தான் இறக்குகிறவன் மெதுவாக இறக்குவான். உள்ளே இரும்பு இருந்தாலும் நான் எழுதுவேன்.

நாலு வரி சேர்த்தேன். ஒன்று, தகப்பன் தினமும் காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டித் தலை பின்னிப் பூ வைத்துப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். இரண்டு, பிறந்த நாள் முதல் அவன் மடியில்தான் தூங்குவாள். மூன்று, பிரிந்த பிறகு பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். நாலாவது, தாயார் எந்நேரமும் கைபேசியிலேயே மூழ்கிக் குழந்தையைக் கவனிப்பதில்லை. எதிர்த்தரப்பை ஒரு தட்டு தட்டாத மனு மனுவே அல்ல.

பெயிண்ட் ஷெட்டையும் டேப்பையும் எடுத்துவிட்டேன். இடம் மிச்சம்.

டைப் அடித்த பெண், இதெல்லாம் இந்தக் காகிதத்தில் இல்லையே என்றாள். அது வரைவு, இது அசல் என்றேன்.

1 ஜூலை, திங்கள்

தாக்கல் ஆயிற்று. பூபதி விடிய விடிய ஷெட்டில் நின்றுவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தான். நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். படிக்கவா மாமா என்றான். நான் படித்துவிட்டேன் என்றேன்.

8 ஜூலை, திங்கள்

பாப்பாவுக்குப் பிறந்தநாள். பூபதி வேலைக்குப் போனான். ஒரு பஸ்ஸில் ட்ராவல்ஸ் பெயரையே தப்பாக அடித்துவிட்டானாம், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மேஸ்திரி திட்டவில்லை, வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்தான். வசந்தாமணி பாயசம் வைத்தாள். யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.

16 ஜூலை, செவ்வாய்

இன்று கோர்ட்டில் சின்னச் சிக்கல்.

ஜீவிதா மனுவின் நகலைக் கையில் வைத்திருந்தாள். ஜட்ஜ் அம்மா, படித்தீர்களா, என்ன சொல்கிறீர்கள் என்றார். கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"தெனமும் தலை பின்னி விட்டாராமுங்க," என்றாள் ஜீவிதா. "அக்டோபர்ல காதுகுத்துக்குப் பாப்பாவுக்கு மொட்டை போட்டோமுங்க. நான் நவம்பர்ல கெளம்பி வந்துட்டேன். அதுக்கு முன்னாடியும் அவளுக்குக் கழுத்து வரைக்கும் வெட்டுன முடிதானுங்க. எந்தத் தலையைப் பின்னுனாரு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. பூபதியைப் பார்த்து, இது உங்கள் பிரமாணப் பத்திரம்தானே, இந்த வரி உண்மையா என்றார். அவன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். ரொம்ப நேரம் பார்த்தான். இல்லைங்க என்றான்.

சத்தியம் செய்து கொடுத்த காகிதத்தில் ஒரு வரி பொய் என்றால் மற்ற வரிகளை நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார் ஜட்ஜ் அம்மா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை. ஜீவிதா, சனிக்கிழமைப் பேச்சே இனி வேண்டாம் என்றாள். கைபேசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. வழக்கு முப்பதாம் தேதிக்குத் தள்ளிப்போனது.

மொட்டை எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குக் காதுகுத்து மேடையில்தான் நின்றேன்.

படியில் இறங்கும்போது பூபதி என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்டது வேறு. "ஞாயித்துக்கெழமைய எதுக்கு மாமா எடுத்தீங்க? என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானே."



17 ஜூலை, புதன்

மழை இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

20 ஜூலை, சனி

நாலு நாளாகப் பூபதி வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஷெட்டுக்குப் போனேன். பஸ் கூரை மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான், கீழே பார்க்கவில்லை. கம்ப்ரெசர் சத்தத்தில் கூப்பிட்டது கேட்டிருக்காது. நான் கூப்பிடவும் இல்லை.

மத்தியானம் பர்வீன் அம்மா போன் செய்து, தனியாக வாருங்கள் என்றார்.

மேஜையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் எழுதியது, நான் அடித்தது. அரை மணி நேரம் திட்டினார் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். திட்டவில்லை. சேர்த்த வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். நாலு கோடு. எடுத்த பத்திக்கு ஒரு வட்டம்.

டைப்பிங் கடைப் பெண் தவறாக அடித்துவிட்டாள் என்று சொல்லிவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அனுபவத்தில் சொன்னது.

"அந்தப் பொண்ணு அங்க எட்டு வருஷமா அடிக்குதுங்க ஐயா," என்றார். "நாளைக்கு அது கையில ஒரு காகிதத்தையும் யாரும் குடுக்க மாட்டாங்க. பரவால்லைங்களா?"

யோசனையை வாபஸ் வாங்கினேன்.

செய்யக்கூடியதை விளக்கினார். அந்த நாலு வரிகளை வாபஸ் வாங்க வேண்டும். உண்மையை மட்டும் வைத்துப் பூபதி புது பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அது போதுமா என்றால் தெரியாது, ஜட்ஜ் அம்மாவின் மனதைப் பொறுத்தது. எழுதியவரே வந்து சொன்னால் நல்லது. சொல்ல வேண்டும் என்று அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெஞ்சைக் காட்டினார். இங்கே வந்து உட்காருகிற அப்பாக்களில் பாதிப் பேர் இரண்டாவது தேதிக்கு வருவதில்லையாம். அலைச்சல், வெட்கம். பிள்ளையைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்களாம். பூபதி நேற்றும் வந்தானாம். புது காகிதம் எழுதலாமா என்று கேட்டானாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லையாம்.

காதுகுத்தில் என்ன நடந்தது என்றும் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, கையில் மைக் இருந்தது என்றேன்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை. காத்திருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

30 ஜூலை, செவ்வாய்

எழுதுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

என் பெயரை டவாலி மூன்று முறை முழங்கினார். (இல்லை. பூபதி பெயரைத்தான் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போனேன்.) பர்வீன் அம்மா புது பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்து, இவர் ஒன்று சொல்ல விரும்புகிறார் என்றார். கோர்ட்டே மூச்சை அடக்கிக்கொண்டது. (மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது.)

"சட்ட ஆலோசகரா?" என்றார் ஜட்ஜ் அம்மா. மறக்கவில்லை.

"இல்லைங்க. இவனோட தாய்மாமனுங்க. அந்த நாலு வரியும் என்னுதுங்க. டைப்பிங் கடைல நின்னு நாந்தான் சேத்தேன். அவன் படிக்கக் கேட்டான், நான் விடலைங்க."

"ஏன் சேத்தீங்க?"

வழியெல்லாம் ஒரு பெரிய பதிலை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். அதில் தர்மம், நியாயம் எல்லாம் வரும். வாயில் வந்தது வேறு. "வெறுமனே இருந்துச்சுங்க," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜீவிதாவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

அவள் சொன்னாள். அதை நான் இங்கே எழுதாமல் விடலாம். டைரி என்னுடையது. ஆனால் அந்தக் கோர்ட்டில் முப்பது பேர் கேட்டுவிட்டார்கள், இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

காதுகுத்தன்று ஜீவிதாவின் அண்ணன், பாப்பாவின் தாய்மாமன், சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். பதினொரு தட்டு. நான் மைக்கை வாங்கி, என் மருமகன் பூபதி காதுகுத்துக்கு நான் மூன்று லாரியில் சீர் கொண்டுவந்தேன், இங்கே ஒரு ஆட்டோவே நிறையவில்லையே என்றேன். சாப்பாட்டுப் பந்தியில் சிரிப்பு. ராசியண்ணன் பாதி இலையில் எழுந்துபோனார். அன்றைக்கு அவருடைய தறி இரண்டு விற்றுத்தான் அந்தத் தட்டுகள் வந்தன என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று லாரி இல்லை. லாரியே இல்லை. பூபதி காதுகுத்துக்கு நான் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு தாம்பாளம் கட்டிக்கொண்டு போனேன். வேட்டியும் தேங்காயும் பழமும்.

"இவரோட மாமா பேசுனதுக்காக நான் வீட்ட விட்டு வல்லைங்க," என்றாள் ஜீவிதா. "அவரு எப்பவும் அப்படித்தான். எங்கப்பா எந்திரிச்சுப் போறப்ப இவரு கல்லாட்டம் நின்னாருங்க. ராத்திரி கேட்டேன். மாமா விளையாட்டுக்குச் சொன்னாருன்னாரு. அடுத்த நாளும் கேட்டேன். ஒரு மாசம் கேட்டேன். அந்த மனுவுலயும் அவரு பேச்சுத்தான் இருக்குது. இவரு வார்த்தை எங்கீங்க?"

ஜட்ஜ் அம்மா புது பிரமாணப் பத்திரத்தைப் பூபதி கையில் கொடுத்து, நீங்களே வாசியுங்கள் என்றார்.

அவன் வாசித்தான். மெதுவாக, பஸ்ஸில் எழுத்து அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. ஒன்பது மணிக்கு வருவேன் என்றது வந்தது. மிஸ் பெயர் தெரியாது என்றது வந்தது. ஷெட், டேப், ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசியில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தான்: என் மாமனார் இலையிலிருந்து எழுந்தபோது நான் பேசியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நின்றுவிட்டான். பிறகு காகிதத்தைப் பார்க்காமல் ஜீவிதாவைப் பார்த்துச் சொன்னான்: "மாமா சொன்னது தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருக்கோணும். பயந்துக்கிட்டேன்."

என்னைப் பார்த்து யாராவது பயப்படுவார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த டேப் விஷயம் உண்மையா என்று ஜட்ஜ் அம்மா ஜீவிதாவைக் கேட்டார். "அது நெசமுங்க," என்றாள். "இப்பவும் ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் படிப்பா."

உத்தரவு: ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கோர்ட்டில் இருக்கிற குழந்தைகள் அறையில் பார்க்கலாம். ஆகஸ்ட் பதினேழு முதல். நாலு தடவை ஒழுங்காக நடந்தால் வெளியே கூட்டிப்போவது பற்றி யோசிக்கலாம். விவாகரத்து வழக்கு அதன் வழியில் நடக்கும்.

ஜீவிதா ஒரு நிபந்தனை கேட்டாள். அந்த நேரத்தில் நான் கோர்ட்டு வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்தார். சரிங்க என்றேன். எழுதிக்கொண்டார்.

31 ஜூலை, புதன்

வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று லாரி இல்லை என்பது அவளுக்குத் தெரியுமாம். அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவளே அவள்தானாம். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். எத்தனைக்குத்தான் சொல்வது என்றாள்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. அமராவதியில் கூட்டம். வசந்தாமணி காதோலை கருகமணி விட்டாள். நான் படித்துறையிலிருந்து நேராக வேலாயுதம்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

ராசியண்ணன் தறிக்கொட்டகையில் இருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்ததால் என்ன சொன்னாலும் கேட்காது. நிறுத்துவார் என்று வாசலில் நின்றேன். கால் மணி நேரம் நின்றேன். நிறுத்தினார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாலு வார்த்தைதான் இருக்கும். அதற்குமேல் சொல்ல வரவில்லை, என் ஆயுசில் முதல் தடவை.

அவர் மறுபடி தறியை ஓடவிட்டார். உள்ளே யாரிடமோ, வந்தவருக்கு மோர் கொடுங்கள் என்று சொன்னது மட்டும் கேட்டது. ஜீவிதாவின் அம்மா கொண்டுவந்தார். உப்பு சரியாக இருந்தது.

பாப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்கவும் இல்லை. அது பூபதியின் முறை.

16 ஆகஸ்ட், வெள்ளி

பூபதி முடி வெட்டிக்கொண்டான். நகத்திலிருந்து பெயிண்டை எடுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு அந்த வாடை போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். பாப்பாவுக்கு என்ன வாங்கிப்போகலாம் என்று கேட்டான். மூன்றடி உயரப் பொம்மை என்று சொல்ல வாயெடுத்தேன். நீயே யோசி மாப்ள என்றேன்.

17 ஆகஸ்ட், சனி

ஒன்பதரைக்குப் பூபதியை மொபெட்டில் கொண்டுபோய்க் கோர்ட்டு வாசலில் இறக்கினேன். வண்டியைத் திருப்பி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்த நிழற்குடையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசற்கேட்டு தெரியும். உள்ளே ஒன்றும் தெரியாது.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜீவிதா ஸ்கூட்டியில் வந்தாள். பாப்பா முன்னால் நின்றுகொண்டு வந்தாள். மஞ்சள் கவுன். நன்றாக வளர்ந்துவிட்டாள். ஜீவிதா வண்டியை நிறுத்தும்போது இந்தப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை பதினேழு பஸ் போயின. கட்டடத்தை நம்பிக்கையில்லாமல் பார்த்தபடி ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் சம்மன். மகன் விஷயமாம், ஆண்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்றார். படிக்குக் கீழே மேஜை இருக்கிறது, பர்வீன் அம்மா என்று கேளுங்கள், வருமானச் சான்றிதழ் தேவைப்படும், அவர் எழுதியதை அப்படியே டைப் அடியுங்கள், கையெழுத்துப் போடுமுன் நீங்களே படியுங்கள் என்றேன். நீங்கள் வக்கீலா என்றார். இல்லை என்றேன். கூட ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு முதலில் ஜீவிதா வெளியே வந்தாள். ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றாள். வண்டியைக் கிளப்பவில்லை. அப்புறம் பூபதி வந்தான். பாப்பா அவன் தோளில். ஒரு கையில் அவளுடைய செருப்பு. கேட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டான். வலது காலுக்கு இடது செருப்பு. பாப்பா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்னவோ சொன்னாள், மாற்றி மாட்டினான். ஜீவிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு பதினைந்து வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மொபெட்டில் திரும்பும்போது உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். "பேசிட்டிருந்தோம் மாமா," என்றான். அவ்வளவுதான். பாலத்தின் மேல் வரும்போது அவனாகவே, "அடுத்தது எப்பன்னு பாப்பா கேட்டா," என்றான். பின்னாலிருந்து என் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோதுகூட அப்படிப் பிடித்ததில்லை.

வீட்டில் வசந்தாமணியோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். பாப்பா அப்பாவைப் பார்த்ததும் என்ன செய்தாள், ஓடி வந்தாளா, அழுதாளா, சொல்லுங்கள் என்றார்கள். நாற்காலிகூட எடுத்துப் போட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் வெளியே இருந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள். வசந்தாமணி மட்டும் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. அடுத்தது முப்பத்தொன்றாம் தேதி. நிழற்குடையில் வெயில் படாத மூலை ஒன்றுதான் இருக்கிறது, ஒன்பதேகாலுக்கே போய்விட வேண்டும்.